போலந்து விஷயமாக நீக்கப்பட்டவர்

போலந்தில் இரண்டு ஜெனரல்கள் இருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டவரைப் பலருக்கு ஞாபகம் இருக்கும். அவர் நாட்டுக்கே தலைவர். நான் சொல்லப்போவது இன்னொருவரை, உள்துறை மந்திரியாக இருந்த ஜெனரலை. எண்பத்தொன்று டிசம்பரில் அங்கே ராணுவச் சட்டம் வந்தபோது தொழிற்சங்கத்துக்காரர்களை வீடு வீடாகப் போய்ப் பிடித்து உள்ளே வைத்த போலீசுக்கு அவர்தான் மேலதிகாரி. மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த எனக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் என் சொந்தத் தம்பியைப் பற்றிப் பேசியதைவிட அவரைப் பற்றி நான் அதிகம் பேசியிருக்கிறேன். அவருக்காக ஒரு நண்பனையும் விட்டேன்.

அப்போது நான் மந்தைவெளிக் கிளையின் செயலாளர். எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை; செங்கொடி பிடித்த கட்சி, அவ்வளவு போதும். கிளையில் மொத்தம் ஒன்பது பேர். ஒரு தையல் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுவோம். கூட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு, அதை யாரும் மாற்ற முடியாது. முதலில் சர்வதேச நிலைமை. அடுத்தது தேசிய நிலைமை. அப்புறம் மாநிலம். கடைசியில் உள்ளூர்ப் பிரச்சினைகள். சர்வதேச நிலைமையை நான்தான் பேசுவேன், ஏனென்றால் ஒன்பது பேரில் இங்கிலீஷ் பத்திரிகை படிக்கிறவன் நான் ஒருவன். முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவேன். அது முடிந்ததும் டீ வரும். டீ குடித்த கையோடு இரண்டு பேர் நழுவிவிடுவார்கள். உள்ளூர்ப் பிரச்சினைக்கு வரும்போது மணி பன்னிரண்டரை ஆகியிருக்கும், எல்லோருக்கும் பசி.

அந்தக் கடைசி விஷயத்துக்காகவே உட்கார்ந்திருப்பவர் ஒருவர் இருந்தார். மந்தைவெளியில் ஒரு லாரி ஷெட்டில் பிரேக் வேலை பார்த்த மெக்கானிக். வீடு கோட்டூர்புரத்தில், ஆற்றோரம், ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடி. அங்கே குழாயில் தண்ணீர் வராது. மழைக்காலத்தில் கீழ் வீடுகளுக்குள் கேட்காமலே வரும். அதைச் சொல்லத்தான் அவர் வாராவாரம் வருவார். என் வயதுதான். ஷெட்டில் சங்கம் கட்டியபோது நோட்டீஸ் அடிக்க எங்கள் அச்சகத்துக்கு வந்தார், அப்படிப் பழக்கம். என்னை "தோழர்" என்று கூப்பிடுவது கூட்டத்தில் மட்டும். வெளியே வந்தால் "அய்ரே"தான். கட்சிக்காரன் ஜாதி சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று ஒரு தடவை கண்டித்துப் பார்த்தேன். "சரிங்க அய்ரே" என்றார். அதற்குமேல் நான் கண்டிக்கவில்லை.

ராணுவச் சட்டம் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். போலந்தின் தொழிற்சங்கம் தொழிற்சங்கமே அல்ல, ஏகாதிபத்தியத்தின் கைப்பாவை. ஜெனரல்கள் தலையிட்டிருக்காவிட்டால் சோஷலிசமே போயிருக்கும். இது கசப்பான மருந்து, ஆனால் மருந்து. இப்படியெல்லாம் பேசினேன். பேசி முடித்ததும் கேள்வி இருக்கிறதா என்று கேட்பது வழக்கம். யாரும் கேட்காமல் இருப்பதும் வழக்கம். அன்றைக்கு மெக்கானிக் கையைத் தூக்கினார்.

"ஸ்ட்ரைக் பண்ணவன் தொழிலாளிதானே தோழரே?"

"ஆமா. ஆனா அவங்களைத் தூண்டிவிட்டது யாருன்னு பாக்கணும்."

"அத்த அப்பால பாக்கலாம். அங்க ஆட்சி பண்றதும் தொழிலாளி கட்சி. தொழிலாளிய இன்னாத்துக்குத் தொழிலாளி கட்சி உள்ள தள்ளுது? நம்ம ஷெட்டு மொதலாளி போலீச இட்டுக்கினு வந்தா நாம கத்தறோம். அங்க மில்ட்ரிக்காரன் அதையே பண்ணா நாம கைதட்டணுமா?"

நான் இன்னொரு அரைமணி நேரம் பதில் சொன்னேன். பதிலில் ஒரு சொல்கூட இப்போது ஞாபகம் இல்லை. அவருடைய கேள்வி அப்படியே ஞாபகம் இருக்கிறது.

அத்தோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அடுத்த மாதம் எங்கள் தெருமுனைக் கூட்டத்துக்குத் தி.நகரிலிருந்து மாவட்டக் குழுத் தோழர் ஒருவர் பேச வந்தார். அதற்குள் போலந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிலாளிகளைச் சுட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்திருந்தது. சுட்டது அந்த உள்துறை ஜெனரலின் போலீஸ். மாவட்டத் தோழர் போலந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், கூட்டத்துக்கு நடுவிலிருந்து மெக்கானிக் எழுந்து நின்று அதே கேள்வியைக் கேட்டார். பஸ்ஸுக்கு நின்றவர்கள், பூக்கடைக்காரி, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

கட்சி முடிவைப் பொது இடத்தில் எதிர்ப்பது பெரிய குற்றம். விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். அவர் பதில் எழுதவில்லை. அடுத்த கூட்டத்தில் நீக்கும் தீர்மானத்தைச் செயலாளர் என்ற முறையில் நான் கொண்டுவந்தேன். 'போலந்து பிரச்சினையில் கட்சி நிலைப்பாட்டுக்கு எதிராகப் பொது இடத்தில் பேசியதால்' என்று மினிட் நோட்டில் என் உருண்டைக் கையெழுத்தில் எழுதினேன். கையைத் தூக்கச் சொன்னேன். எட்டுக் கைகள் உயர்ந்தன, அதில் ஒன்று என்னுடையது. ஒன்பதாவது ஆள் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இனிமே கொயாத்தண்ணி மேட்டர யாரு பேசுவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று சொன்னேன். பார்த்துக்கொள்ளவில்லை. கடைசி விஷயத்துக்கு வரும்போது எங்களுக்குப் பசிக்கும் என்றுதான் முன்பே சொன்னேனே.

அவருக்கு நான் செய்த கெடுதல் அவ்வளவுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சிநேகிதம் போயிற்று, ஒரு கிளைக் கூட்டம் போயிற்று, அவ்வளவுதானே என்று. கோட்டூர்புரத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சங்கம் கட்டியவனைக் கட்சி தூக்கிவிட்டது என்றால் காரணம் வேண்டும் அல்லவா? போலந்து என்று அவர் சொன்னால் யார் நம்புவார்கள்? போலந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று அங்கே யாருக்குத் தெரியும்? அந்தக் குடியிருப்புக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்: போலீசுக்கு ஆள்காட்டி. ஷெட்டில் யாராவது கைதானால் அவர் வீட்டுக் கதவைப் பார்த்துத் துப்பினார்கள். போலந்துப் போலீஸ் செய்தது தப்பு என்று சொன்ன மனிதர், அதைச் சொன்ன காரணத்தாலேயே, கோட்டூர்புரத்தில் போலீஸ் ஆள் ஆனார். இதை இப்போது எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எட்டு வருஷத்துக்குமேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தொண்ணூறாம் வருஷம் வெயில் காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் மனைவி உள்ளே வந்து, "ஏன்னா, வாசல்ல உங்க பழைய சிநேகிதர் வந்திருக்கார். நிக்க வெச்சுண்டு என்ன யோஜனை? உள்ள கூப்பிடுங்கோ" என்றாள். கையில் ஒரு மாலைப் பேப்பரை மடித்து வைத்திருந்தார். வந்து உட்கார்ந்ததும் அதை என் மடியில் போட்டார்.

"உன் ஜெனரலு என் ஆளுங்க மந்திரிசபைல கீறாராமே?"

விஷயம் எனக்கு முன்பே தெரியும். முந்தைய வருஷமே அந்த உள்துறை ஜெனரல், தான் ஜெயிலில் போட்ட சங்கத்துக்காரர்களையே கூப்பிட்டு, பெரிய வட்ட மேசையில் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசி, தேர்தலுக்கு ஒத்துக்கொண்டார். தேர்தலில் அவர் கட்சி மண்ணைக் கவ்வியது. தானே பிரதமராகிப் பார்க்கலாம் என்று முயன்றார், ஆதரவு சேரவில்லை, விலகிக்கொண்டார். சங்கத்துக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் பிரதமரானார். அந்த மந்திரிசபையிலும் ஜெனரல் பழைய உள்துறை நாற்காலியிலேயே கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தார். பேப்பரில் போட்டிருந்த படத்தில் தாலுகா ஆபீசில் ரிட்டயராகப் போகிறவர் மாதிரி தெரிந்தார்.

எனக்கு அந்த ஜெனரல்மேல் வந்த கோபத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவருக்காக இங்கே மந்தைவெளியில் நான் எத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன்! மனிதர் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அதெல்லாம் ஒரு தந்திரம்" என்றேன்.

"யார ஏமாத்த?" என்று கேட்டார். என் மனைவி காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "அவர் கேக்கறது நியாயமாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் என்னைக் கிண்டல் செய்ய வரவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டு வந்த காரியத்தைச் சொன்னார். "அங்கியே ஜெயில்ல போட்டவனும் உள்ள இருந்தவனும் ஒண்ணா குந்திக்கினாங்க. இனிமே என்னிய சேத்துக்குவீங்களா?" குடியிருப்பில் ஆள்காட்டி என்ற பேச்சைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னார். மேல் கமிட்டியில் கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. கேட்டால் என் தீர்மானத்தை நானே தப்பு என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் மாஸ்கோவிலேயே எல்லாம் சரிந்தது. அங்கிருந்து மாதாமாதம் தபாலில் வந்த வழவழப்பான பத்திரிகைகள் நின்றுபோயின. தெருவில் குழந்தைகள் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட வேறு தாள் தேடினார்கள். கிளையில் ஐந்து பேர் மிஞ்சினோம். நான் இன்னும் முதலில் சர்வதேச நிலைமையைத்தான் பேசினேன். இப்போது அது பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

அவருக்கு உடம்பு சரியில்லை என்று நாலைந்து வருஷம் கழித்து ஷெட் ஆள் ஒருவர் வந்து சொன்னார். பறக்கும் ரயிலுக்காகக் கால்வாயில் நட்டிருந்த தூண்களையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்து, பஸ் பிடித்து, கோட்டூர்புரம் போனேன். மூன்று மாடி ஏறுவதற்குள் எனக்கே இளைத்தது. அவர் ஜன்னல் பக்கம் இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுமாம். டாக்டர் பீடிதான் காரணம் என்றாராம். இவர் பிரேக் லைனிங் தூசு என்றார். அவர் மனைவி என்னைப் பார்த்து வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இன்னா ஆச்சு உன் ஜெனரலு?" இதுதான் முதல் கேள்வி.

"கேஸ் போட்டிருக்காங்க. அந்தச் சுரங்கத்துல சுட்டதுக்கு."

"தப்புன்னு ஒத்துக்கினானா?"

"இல்ல போலருக்கு. நாட்டைக் காப்பாத்தத்தான் எல்லாம்னு சொல்றாராம்."

அவர் கை நீட்டி ஜன்னல் கதவைச் சாத்தினார். ஆற்றின் நாற்றம் அந்த மாடி வரைக்கும் வந்தது. பிறகு திரும்பி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எனுக்கு இன்னும் ரொம்ப நாளு இல்ல. தெரிஞ்சிதான் கேக்கறேன். என்னியத் தூக்கினு போறப்போ மேல கொடி இருக்கணும். அவ்ளோதான். இந்த ஜனங்க அத்தப் பாக்கணும். ஆள்காட்டி மேல கட்சிக்காரன் கொடி போட மாட்டான்னு இவங்களுக்குத் தெரியும்."

எங்கள் கட்சியில் உறுப்பினர் இறந்தால் தோழர்கள் போய் உடல்மேல் செங்கொடி போர்த்தி, கையை உயர்த்திச் செவ்வணக்கம் சொல்வார்கள். நீக்கப்பட்டவருக்கு அது கிடையாது. அதற்கு அவர் திரும்பவும் உறுப்பினர் ஆக வேண்டும். திரும்பச் சேர விதி இருக்கிறது: நீக்கப்பட்டவர் தன் தப்பை ஒத்துக்கொண்டு சுயவிமர்சனக் கடிதம் எழுதித் தர வேண்டும், மேல் கமிட்டி அதைப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். கிளை தப்பு செய்திருந்தால் அது யாருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று விதியில் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை.

விதியைச் சொன்னதும் தலையாட்டினார். "நான் தப்பு பண்ணேன்னு எய்தித் தர மாட்டேன் அய்ரே. அத்த எய்தினா அப்பால கொடி எதுக்கு?"

தி.நகருக்குப் போய் மாவட்டத் தோழரைப் பார்த்தேன். தெருமுனைக் கூட்டத்தில் கேள்வி வாங்கிய அதே தோழர்தான். அவருக்கும் தலை நரைத்து, கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. போலந்தா, அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது தோழர், என்றார். அப்படியானால் சும்மா சேர்த்துக்கொள்ளலாமே என்றேன். "அது எப்படி? கடிதம் இல்லாம ஃபைல்ல எதை வைக்கிறது?" என்றார். சோவியத் நாடே போய்விட்டது, ஃபைல் மட்டும் பத்திரமாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். சங்க வேலையில் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவது சகஜம். லேபர் ஆபீசுக்கு மனு என்றால் தொழிலாளியை இரண்டு தடவை அலையவிடாமல் கீழே கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்வோம். மேலே விஷயத்தை அப்புறம் எழுதிக்கொள்வோம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கோட்டூர்புரம் போய், "சேர்றதுக்கு ஒரு விண்ணப்பம் குடுக்கணும், நான் எழுதிக்கிறேன்" என்று இரண்டு வெள்ளைத்தாளை நீட்டினேன்.

"தப்புன்னு வராதே?" என்று கேட்டார்.

"வராது" என்றேன்.

தலையணையில் தாளை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கைக்கு இருபது வருஷமாக என்மேல் இருந்த நம்பிக்கையை நான் அன்றைக்குத்தான் முழுசாகச் செலவழித்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். 'போலந்து பிரச்சினையில் ஏகாதிபத்தியப் பிரசாரத்துக்கு இரையாகி, கட்சியின் சரியான நிலைப்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் பொது இடத்தில் பேசிக் கட்சிக்குக் களங்கம் விளைவித்தேன். இதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன்.' என் தொழில் பிழை திருத்துவது. மூன்று தடவை படித்துப் பார்த்தேன், ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதை அவரா சொன்னார்?" என்று கேட்டாள். ஒரு மனிதனுக்குக் கொடி கிடைக்க வேண்டும், வழி வேறு இல்லை என்றேன். "வழி இருக்கு. உங்களுக்கு அது வாய்ல வரலை" என்றாள். நாலு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சம்மதம் வந்தது, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சேர்க்கிறார்கள் என்று அவருக்கும் சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தக் கடிதத்தைக் கிளைக் கூட்டத்தில் உரக்கப் படித்துப் பதிவு செய்ய வேண்டும், அதுவும் வழக்கம். அது எனக்குத் தெரியாதது இல்லை. அவரால் மூன்று மாடி இறங்கி, தையல் கடை மாடியும் ஏறி வர முடியாது. அவர் இல்லாமலே படித்து முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கீழே ஆட்டோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கிக்கொண்டிருந்தார். மனைவி தையல் கடையில் உட்கார்ந்துகொண்டாள். அவர் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறி வந்தார். தன் பழைய இடத்தில், சுவரோரம், போய் உட்கார்ந்தார். உட்கார்ந்து எல்லோரையும் பார்த்து வணக்கம் சொன்னார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மாவட்டத் தோழர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்தார். மேடைப் பேச்சுக்குப் பழகிய குரல், ஒரு சொல்லையும் விடவில்லை. ஏகாதிபத்தியம், களங்கம், மனப்பூர்வமாக. நான் மினிட் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால் அவரைப் பார்க்க வேண்டியிருக்கும். அவர் எழுந்து, இது நான் எழுதியதில்லை என்று சொல்லப்போகிறார், அத்தோடு என் கதை முடிந்தது, பொய்க் கடிதம் தயாரித்ததற்கு என்னையும் தூக்குவார்கள் என்று நினைத்தேன். நிஜத்தைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவரைப் பற்றி நான் கவலைப்படவில்லை. என்னைப் பற்றித்தான் பயந்தேன்.

"இது உங்க கையெழுத்துதானே தோழர்?" என்று மாவட்டத் தோழர் கேட்டார்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "கையெய்த்து என்னுதுதான்."

"முழு மனசோட எழுதினதுதானே?"

அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. மூச்சு சீறிக்கொண்டு போய்வருவது அந்த மாடி முழுக்கக் கேட்டது. மாவட்டத் தோழர் தாளுக்காகக் கையை நீட்டியபடியே இருந்தார்.

"ஆமா தோழர்" என்றார்.

கைதட்டினோம். டீ வந்தது. அவர் குடிக்கவில்லை. உள்ளூர்ப் பிரச்சினை வரை இருந்து, கோட்டூர்புரத்தில் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்று இரண்டு வரியில் சொன்னார். நான் மினிட் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கீழே அவர் மனைவி ஆட்டோ கூட்டிவரப் போனாள். தையல் கடை வாசலில் இருந்த பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எதிர்க்கடையில் இளநீர் சீவிக்கொண்டிருந்தான். நான்தான் முதலில் பேசினேன், அதுவும் உளறினேன். "நீ இல்லேன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லிட்டு? உன்னியும் தூக்கிட்டா அப்பால மந்தைவெளில கட்சி எங்க கீது? மொத்தமே அஞ்சு பேரு." சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. இருமி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அத்த வுடு. அத்தினி பேரு முன்னால நான் பண்ணாத தப்ப ஒத்துக்கினேன். நீ எனுக்கு மட்டும் ஒண்ணு சொல்லு. அன்னிக்கு நான் கேட்டது கரீட்டுதான், நீ பண்ணதுதான் தப்புன்னு. வேற யாருக்கும் வாணாம். காதோட சொல்லு, போதும்."

அதைத் தவிர அவர் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. "அன்னைக்கு இருந்த நிலைமையில..." என்று வந்தது. "உலகம் பூரா நமக்கு எதிரா இருந்தப்போ, கட்சின்னு ஒண்ணு..." என்று போனது. வாய் தானாகப் பேசிக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரப் பழக்கம்.

அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். கோபமே இல்லை. அவ்வளவு அசதியான முகத்தை அதற்கப்புறம் நான் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன்.

"வுடு அய்ரே. உன் ஜெனரலாவது எதுத்தாப்ல வந்து குந்தினான்."

ஆட்டோ வந்தது. ஏற்றிவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் ஒரு மாதம்கூட இல்லை. கொடியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேரும் மாவட்டத் தோழரும் கோட்டூர்புரம் போனோம். உடலைக் கீழே வாசலில் கிடத்தியிருந்தார்கள். குடியிருப்பில் எல்லா மாடியிலும் ஜனங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொடியை நாங்கள் விரித்ததும் பேச்சு நின்றது. "அப்போ இவரு கட்சி ஆளுதானா?" என்று பின்னால் ஒரு பெண்பிள்ளை கேட்டாள். "ஆமா" என்று ஒருவர் பதில் சொன்னார். அவர் மனைவி அதைக் கேட்டாள், கேட்டுவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

தோள் பக்கம் கொடி சரிந்திருந்தது. சரி செய்யக் குனிந்தேன். அவர் காதுக்கும் என் வாய்க்கும் ஒரு சாண்தான் இருந்தது. அவர் கேட்ட இரண்டே சொல். சொல்லியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. மாவட்டத் தோழர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொடியை இழுத்துச் சரி செய்துவிட்டு, நான் நிமிர்ந்துவிட்டேன்.